ஆர்.சி. கார் பேட்டரிக்கு எந்த கனெக்டர்? ‘60’ என்று போட்டிருந்தால் 60 ஆம்பியர் தாங்குமா?

போன கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஸ்ரீரங்கம் பக்கம் காவிரி வற்றி மணல்திட்டாகக் கிடந்தது. எதிரே மலைக்கோட்டை. நாவல்பட்டு ஐ.டி. பூங்காவில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், புதிதாக மோட்டார் மாற்றிய தன் ரிமோட் காரை ஓடவிட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். மூன்றாவது ரவுண்டில் கார் திக்கித் திக்கி நின்றது. தூக்கிப் பார்த்தால் பிளாஸ்டிக் கருகிய வாடை. பேட்டரி சூடு இல்லை, மோட்டாரும் பரவாயில்லை. இரண்டையும் இணைக்கும் அந்தச் சின்ன சிவப்பு கனெக்டர் மட்டும் இளகி, உள்ளே இருந்த தகடு சாய்ந்து நின்றது.

“கழட்டவே வரலடா, ஒட்டிக்கிச்சு” என்றார். இன்னும் ஒரு மில்லிமீட்டர் சாய்ந்திருந்தால் பிளஸ்ஸும் மைனஸும் தொட்டிருக்கும். கையில் இருந்தது முழு சார்ஜில் இருந்த லிப்போ பேட்டரி.

காருக்கு சில ஆயிரம் செலவு செய்தவர், மோட்டாருக்குத் தனியாக சில ஆயிரம் போட்டவர், கனெக்டருக்குச் செலவழித்தது நூறு ரூபாய்கூட இல்லை. எலெக்ட்ரிக் ஆர்.சி. கார், படகு, விமானம் எதை வாங்கினாலும் நாம் கேட்கும் கேள்விகள் ஒன்றுதான்: எவ்வளவு வேகம் போகும், எவ்வளவு நேரம் ஓடும்? ‘பேட்டரியில் என்ன கனெக்டர்?’ என்று கேட்பவர் குறைவு. இரண்டாவது பேட்டரி வாங்கி, அது காரில் செருகாதபோதுதான் அந்தக் கேள்வியே வரும்.

சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வரும் உறவினர்களின் பெட்டியில் ஆர்.சி. கார் ஒன்று இருப்பது திருச்சிக்காரர்களுக்குப் புதிதல்ல. துவாக்குடி என்.ஐ.டி.யின் ‘பிரக்யான்’ போன்ற கல்லூரித் தொழில்நுட்ப விழாக்களுக்காக ரோபோ செய்யும் மாணவர்களுக்கும் இதே பேட்டரி, இதே கனெக்டர்தான். நடிகர் அஜித்குமாருக்கு ஆர்.சி. விமானங்கள் மீதுள்ள பிரியம் எல்லோருக்கும் தெரியும். அவர் ஆலோசகராக இருந்த, அண்ணா பல்கலைக்கழக எம்.ஐ.டி.யின் ‘தக்‌ஷா’ அணி 2018-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த ‘மெடிக்கல் எக்ஸ்பிரஸ்’ ட்ரோன் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்தது. 2022 ஜூலையில் அவர் துப்பாக்கிச் சுடும் போட்டிக்காகத் திருச்சி வந்தபோது திரண்ட கூட்டம் இன்னும் நினைவில் இருக்கும். அந்தக் கூட்டத்தில் சிலராவது அவரைப் பார்த்து இந்தப் பொழுதுபோக்குக்குள் வந்திருப்பார்கள் என்பது என் ஊகம். சரி, கனெக்டருக்கு வருவோம்.

அந்த நூறு ரூபாய் சமாசாரம் என்ன செய்கிறது?

கனெக்டர் என்பது இரண்டு உலோகத் துண்டுகள் ஒன்றையொன்று தொடும் இடம். எவ்வளவு நன்றாகத் தொட்டாலும் அங்கே கொஞ்சம் மின்தடை இருக்கும். வீட்டில் தளர்ந்துபோன பிளக் பாயின்ட்டில் அயர்ன் பாக்ஸைச் செருகினால் பிளக் சூடாகிறதே, அதே கதைதான்.

சூடு எவ்வளவு என்பதற்குப் பள்ளிக்கூடத்தில் படித்த சூத்திரம் போதும்: கரண்ட்டை அதே கரண்ட்டால் பெருக்கி, மின்தடையால் பெருக்க வேண்டும். நல்ல கனெக்டரின் மின்தடை அரை மில்லிஓம் அளவில் இருக்கும். 40 ஆம்பியர் ஓடினால் அங்கே உருவாகும் சூடு 0.8 வாட். கை வைத்தால் லேசாக வெதுவெதுப்பாக இருக்கும், அவ்வளவுதான். அதே கனெக்டர் தளர்ந்தோ, ஈயம் சரியாகப் பிடிக்காமலோ 5 மில்லிஓம் ஆகிவிட்டது என்று வையுங்கள். இப்போது 8 வாட். கரண்ட் 60 ஆம்பியருக்குப் போனால் 18 வாட். எலெக்ட்ரானிக்ஸ் வேலைக்கு வாங்கும் சாதாரண சால்டரிங் அயன் 25 வாட்தான். பிளாஸ்டிக் உறைக்குள் அதில் முக்கால் பங்கு சூட்டை வைத்துக்கொண்டு கார் ஓட்டினால் என்ன ஆகும்? நண்பருக்கு ஆனதுதான் ஆகும்.

இதில் ஒரு விஷச்சுழல் இருக்கிறது. சூடானால் தகட்டின் ஸ்பிரிங் பிடி தளரும், பிளாஸ்டிக் இளகும், மின்தடை கூடும், அதனால் இன்னும் சூடாகும். ஆகவே கனெக்டர் ஒரே நாளில் கெட்டுப்போன மாதிரி தெரிந்தாலும், பல வாரங்களாகவே கெட்டுக்கொண்டு வந்திருக்கும். நம்ம ஊர் வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் நிழலிலேயே 40 டிகிரியைத் தொடும் ஊரில், கனெக்டர் சூடாக ஆரம்பிப்பதே அந்த 40-லிருந்துதான்.

உங்கள் கார் எவ்வளவு இழுக்கிறது?

கனெக்டர் தேர்வில் முதல் கேள்வி இதுதான், பிராண்ட் எல்லாம் பிறகு. பலர் பேட்டரி மேல் எழுதியிருப்பதைப் பார்த்துக் குழம்புவது இங்கேதான். 5000 எம்.ஏ.எச்., 50சி என்று போட்டிருந்தால் 5 ஆம்பியரை 50 மடங்காக்கி 250 ஆம்பியர் என்று கணக்கு வரும். ‘ஐயோ, 250 ஆம்பியருக்குக் கனெக்டர் எங்கே போவேன்?’ என்று பயப்பட வேண்டாம். அது பேட்டரியால் கொடுக்க முடியும் என்று தயாரிப்பாளர் சொல்லிக்கொள்ளும் உச்சம். பெரும்பாலும் கொஞ்சம் மிகைதான். மோட்டார் எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவுதான் கம்பியில் ஓடும்.

அதைக் கண்டுபிடிக்க மீட்டர் இல்லாமலேயே ஒரு வழி இருக்கிறது. பேட்டரி எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று பாருங்கள். நண்பரின் காரில் முதலில் இருந்தது பிரஷ் மோட்டார், 1500 எம்.ஏ.எச். பேட்டரி. சுமார் 10 நிமிடம் ஓடும். 1.5 ஆம்பியர்-மணியை 10 நிமிடத்தில், அதாவது ஆறில் ஒரு பங்கு மணியில் காலி செய்கிறது. சராசரி 9 ஆம்பியர். மோட்டாரை பிரஷ்லெஸ்ஸாக மாற்றிய பிறகு 2200 எம்.ஏ.எச். பேட்டரி 6 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. லிப்போவை முழுசாகக் காலி செய்யக் கூடாது என்பதால் 80 சதவீதம் செலவானதாக வைத்தால் சராசரி 17.6 ஆம்பியர். அப்படியே இரட்டிப்பு. சூடு கரண்ட்டின் வர்க்கத்தில் ஏறும் என்பதால், அதே கனெக்டரில் சூடு சுமார் நான்கு மடங்கு!

சராசரி மட்டும் போதாது. நின்ற இடத்திலிருந்து சட்டென்று ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போதும், மணலில் சக்கரம் புதையும்போதும் கரண்ட் சராசரியைப் போல மூன்று மடங்குக்கு மேலேயே எகிறும். தோராயமாக சராசரியை மூன்றால் பெருக்கினால் வருவதை உச்சமாக வைத்துக்கொள்ளலாம். நண்பரின் காருக்கு அது 50-லிருந்து 55 ஆம்பியர். காவிரி மணல் தார் ரோடு இல்லை என்பதால், நான் அவரிடம் 60 என்றே வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

துல்லியமாகத்தான் வேண்டும் என்றால் பேட்டரிக்கும் காருக்கும் நடுவில் போடும் வாட் மீட்டர் ஆன்லைனில் கிடைக்கிறது. தெரிந்த எலெக்ட்ரீஷியன் அண்ணனிடம் கிளாம்ப் மீட்டர் கடன் கேட்பதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். வீட்டு வயரிங் வேலைக்கு வைத்திருக்கும் பல கிளாம்ப் மீட்டர்கள் ஏ.சி. கரண்ட்டை மட்டும்தான் அளக்கும். பேட்டரியில் ஓடுவது டி.சி. அதில் சைபர் காட்டினால் கார் கரண்ட்டே இழுக்கவில்லை என்று அர்த்தம் இல்லை.

இன்னொரு தவறான நம்பிக்கை: ‘2எஸ் பேட்டரிக்குப் பதில் 3எஸ் போட்டால் வோல்ட் ஏறும், கரண்ட் குறையும், கனெக்டர் தப்பிக்கும்.’ ஒரே பவர் வேண்டும் என்றால் கணக்கு சரிதான். 300 வாட்டுக்கு 7.4 வோல்ட்டில் 40 ஆம்பியர் வேண்டும், 11.1 வோல்ட்டில் 27 போதும். ஆனால் அதே மோட்டார், அதே கியரை வைத்துக்கொண்டு பேட்டரியை மட்டும் மாற்றினால் மோட்டார் பழைய பவரில் நிற்காது. இன்னும் வேகமாகச் சுற்றும், இன்னும் அதிகம் இழுக்கும். கரண்ட் குறையாது, கூடும்.

பெயரில் இருக்கும் எண்

இப்போது தலைப்புக் கேள்விக்கு வரலாம். மஞ்சள் நிறத்தில், ஒரு பக்கம் மூலை சீவிய மாதிரி இருக்கும் எக்ஸ்டி கனெக்டரை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சீனாவின் அமாஸ் நிறுவனம் செய்வது. எக்ஸ்டி30, எக்ஸ்டி60, எக்ஸ்டி90 என்று வரிசை. 60 என்றால் 60 ஆம்பியர் என்றுதான் கடையிலும் சொல்வார்கள், நாமும் நம்புவோம்.

அந்த நிறுவனத்தின் சொந்த விவரக் குறிப்பைப் படித்தால் வேறு கதை. எக்ஸ்டி60-க்குத் தொடர்ந்து ஓடக்கூடிய கரண்ட் 30 ஆம்பியர். சட்டென்று எகிறும் நொடிகளுக்குத்தான் 60. எக்ஸ்டி30-க்கு 15-ம் 30-ம். எக்ஸ்டி90-க்கு 45-ம் 90-ம். அதாவது பெயரில் இருப்பது உச்சம். நாள் முழுக்கத் தாங்குவது அதில் பாதி. ஏமாற்று வேலை என்று சொல்ல மாட்டேன், விவரம் எழுதித்தான் இருக்கிறது. நாம்தான் படிப்பதில்லை.

நல்ல விஷயம் என்னவென்றால், ஆர்.சி. கார் ஓடும் விதமும் இதே மாதிரிதான். சராசரி கம்மி, நடுநடுவே எகிறல். ஆகவே இரண்டு எண்களையும் தனித்தனியாக ஒப்பிட்டாலே போதும். நண்பரின் கார் சராசரி 18, உச்சம் 55 முதல் 60. எக்ஸ்டி60 சராசரியில் தாராளம், உச்சத்தில் சரியாகப் பொருந்துகிறது. முழு த்ராட்டிலில் தொடர்ந்து ஓடும் படகுக்கோ, பறக்கும் விமானத்துக்கோ இந்தச் சலுகை கிடையாது. அங்கே சராசரியும் உச்சமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் என்பதால் ஒரு சைஸ் பெரியதாகப் போவதுதான் சரி.

எது எதற்கு?

பழைய ஆட்களில் இருந்து தொடங்குவோம். ஜப்பானின் தமியா நிறுவனம் 1976-ல் தன் முதல் ஆர்.சி. காரை, ஒரு போர்ஷே 934-ஐ, வெளியிட்டது. அந்த நிறுவனத்தின் கார்களோடு பரவியதால் அந்த வெள்ளை நைலான் கனெக்டருக்கே ‘தமியா’ என்று பெயர். 7.2 வோல்ட் நிக்கல் பேட்டரி, சாதாரண பிரஷ் மோட்டார் இருந்த காலத்துக்கு அது போதும். 15 ஆம்பியரைத் தாண்டினால் திணறும். இன்றும் சில கிட்களில் அதுதான் வருகிறது. அப்பா காலத்துக் காரை நிக்கல் பேட்டரியோடு ஓட்டுகிறீர்கள் என்றால் மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. பிரஷ்லெஸ் மோட்டாருக்குப் போகிறீர்கள் என்றால் அதை வெட்டி எறிவதுதான் முதல் வேலை.

பொம்மைக் கடையில் வாங்கும் கார்களில் சின்ன சிவப்பு ஜே.எஸ்.டி. கனெக்டர் இருக்கும். மூன்று ஆம்பியர் அளவுக்கானது. அதைப் பெரிய மோட்டாரோடு சேர்க்காதீர்கள். லிப்போ பேட்டரியிலிருந்து தனியாகத் தொங்கும் பல கம்பி வெள்ளைக் கனெக்டரும் ஜே.எஸ்.டி. குடும்பம்தான். ஆனால் அது கார் ஓட்ட அல்ல. சார்ஜர் ஒவ்வொரு செல்லையும் சமமாக நிரப்புவதற்கு.

அடுத்தது நண்பரின் கதாநாயகன், ‘டி-பிளக்’. அமெரிக்காவின் டீன்ஸ் நிறுவனம் கொண்டுவந்த வடிவம். இரண்டு தட்டையான தகடுகள், டி எழுத்து மாதிரி. அசல் நல்ல சரக்கு, மின்தடை குறைவு, இடமும் குறைவாக அடைக்கும். நண்பரின் காரில் இருந்தது அதன் நகல். மோட்டார் மாற்றும்போது ஓர் இடத்தில் போட்டுக்கொடுத்தது. நகலில் ஸ்பிரிங் பிடி மெலிது, பிளாஸ்டிக்கும் சூட்டுக்கு இளகும் ரகம். அவர் உடனே ‘டி-பிளக்கே மோசம்’ என்று தீர்ப்பு எழுதினார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. வடிவத்தின் மீது தப்பில்லை, நகலின் மீதும், அரைகுறையாக வைத்த ஈயத்தின் மீதும்தான் தப்பு. உங்கள் காரில் டி-பிளக் இருந்து, அது சூடாகவில்லை என்றால் விட்டுவிடுங்கள். ஒரே குறை, வியர்த்த கையோடு பிடித்து இழுக்கக் கஷ்டம். பலர் கம்பியைப் பிடித்து இழுப்பார்கள். கம்பி பிய்ந்து வருவது அப்படித்தான்.

எக்ஸ்டி60-ஐ நான் பெரும்பாலானவர்களுக்குச் சொல்வேன். பத்தில் ஒரு பங்கு அளவுள்ள கார்கள், 2எஸ், 3எஸ் பேட்டரி, நடுத்தர பிரஷ்லெஸ் மோட்டார் என்றால் இதற்கு மேல் யோசிக்க வேண்டாம். உள்ளே 3.5 மில்லிமீட்டர் குழல்கள், நைலான் உடல், திருப்பிச் செருக முடியாத வடிவம். ட்ரோன் உலகமே இதில்தான் ஓடுகிறது என்பதால் எங்கேயும் கிடைக்கும். எட்டில் ஒரு பங்கு அளவுள்ள பெரிய கார், 4எஸ்-க்கு மேல் பேட்டரி என்றால் எக்ஸ்டி90 அல்லது இ.சி.5. இ.சி. வகை நீல நிறத்தில் வரும். இ.சி.3-க்கு 3.5, இ.சி.5-க்கு 5 மில்லிமீட்டர் குழல். இதில் கம்பியைக் குழலில் ஈயம் வைத்த பிறகு குழலை உறைக்குள் தள்ள வேண்டும். ‘கிளிக்’ என்று பூட்டும் சத்தம் கேட்கவில்லை என்றால் ஒருநாள் அது பின்னால் நழுவி வரும்.

சில பெரிய பிராண்டுகள் சொந்தக் கனெக்டர் வைத்திருக்கின்றன. டிராக்ஸாஸ் அப்படித்தான். ஸ்பெக்ட்ரமின் ஐ.சி.3, ஐ.சி.5 கொஞ்சம் தாராள மனசு. பேட்டரி விவரத்தைச் சார்ஜருக்குச் சொல்லும் கூடுதல் தொடர்பு உண்டு, ஆனாலும் பழைய இ.சி.3, இ.சி.5-உடன் பொருந்தும். கார், பேட்டரி, சார்ஜர் மூன்றும் ஒரே பிராண்ட் என்றால் அப்படியே வைத்துக்கொள்வதில் தப்பில்லை. பந்தயக்காரர்கள் வெறும் குழல் முனைகளை நேரே பேட்டரியில் செருகுவார்கள். மின்தடை மிகக் குறைவு, ஆனால் பிளஸ் மைனஸ் மாறிவிடாமல் தடுக்க எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஓட்டுபவருக்கு அது வேண்டாத வம்பு.

பேட்டரியைச் செருகும்போது ‘பட்’ என்று பொறி பறப்பதைப் பார்த்துப் பயந்திருப்பீர்கள். காரின் இ.எஸ்.சி.யில், அதாவது மோட்டாருக்கு கரண்ட்டை அளந்து விடும் பெட்டியில், இருக்கும் கெப்பாசிட்டர்கள் ஒரே நொடியில் நிரம்புவதால் வரும் பொறி. 2எஸ்-ல் பெரிதாகத் தெரியாது. 6எஸ்-ல் கனெக்டரின் முலாமையே தின்றுவிடும். அதற்காகத்தான் எக்ஸ்டி90-எஸ் என்று ஒரு வகை. உள்ளே சின்ன ரெசிஸ்டர் இருக்கும். முதல் தொடுதலில் கரண்ட் அதன் வழியாக மெதுவாகப் போய், முழுசாகச் செருகிய பின் நேராக ஓடும்.

முலாம் என்றதும் ஞாபகம். ‘தங்க முலாம்னா சும்மா ஷோவா?’ என்று நண்பர் கேட்டார். இல்லை. உள்ளே இருப்பது பித்தளை மாதிரியான செம்புக் கலவை. அது காற்றில் கறுக்கும், தங்கம் கறுக்காது. அதனால்தான் மிக மெல்லிய பூச்சு. பெரிய கடை வீதியில் கொண்டுபோய் உரசிப் பார்க்கும் அளவுக்கெல்லாம் இருக்காது. அசல் எக்ஸ்டியில் நிறுவனப் பெயர் உடலில் பொறிக்கப்பட்டிருக்கும். போலியும் அதைப் பொறிக்கக் கற்றுக்கொண்டுவிட்டது என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது. செருகும்போது இறுக்கமாக இருக்கிறதா, நான்கைந்து தடவை கழற்றிய பிறகும் அந்த இறுக்கம் நிற்கிறதா என்பதைப் பாருங்கள். லொடலொட என்று போனால் வேண்டாம்.

மாற்றும்போது நடக்கும் விபத்துகள்

சொந்த அனுபவம். முதல் பேட்டரியின் கனெக்டரை வெட்டும்போது நான் சிவப்பையும் கறுப்பையும் சேர்த்துப் பிடித்து ஒரே வெட்டாக வெட்டினேன். ‘டமார்’. கட்டரின் வாயில் ஒரு பள்ளம் விழுந்தது. கட்டர் உலோகம்தானே, பிளஸ்ஸையும் மைனஸையும் அது இணைத்துவிட்டது. லிப்போவின் உள்மின்தடை சில மில்லிஓம்கள்தான் என்பதால், ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். கண்ணில் படாமல் போனது என் அதிர்ஷ்டம். ஒரு கம்பியை வெட்டி, அதற்கு ஈயம் வைத்து, ஸ்லீவ் போட்டு மூடிய பிறகுதான் அடுத்த கம்பியைத் தொட வேண்டும்.

அடுத்தது, எந்த முனை பேட்டரிக்கு? கடையில் ‘மேல்’, ‘ஃபீமேல்’ என்பார்கள். தமிழில் மேல் என்றால் வேறு அர்த்தம் என்பதால் நாம் முள், குழி என்று வைத்துக்கொள்வோம். பேட்டரி பக்கம் எப்போதும் குழிதான் இருக்க வேண்டும். பேட்டரியில் எப்போதும் கரண்ட் உண்டு. முள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பையில் இருக்கும் வீட்டுச் சாவி பட்டால் போதும். கழற்றி வைத்த காரில் கரண்ட் கிடையாது, அதனால் முள் அங்கே இருக்கலாம். மாற்றிப் போட்டுவிட்டால் கார் ஓடத்தான் செய்யும், பிரச்சினை பையில் காத்திருக்கும்.

ஈயம் வைக்க மொபைல் சர்வீஸ் கடைக்குப் போவோம் என்றார் நண்பர். போனோம். அங்கே இருப்பது ஊசி முனை அயன், சின்ன பாகங்களுக்கானது. தடித்த செம்புக் கம்பி அதன் சூட்டையெல்லாம் உறிஞ்சிவிடும், ஈயம் உருகியது மாதிரி தெரியும், உள்ளே பிடித்திருக்காது. இன்வெர்ட்டர், யு.பி.எஸ். பழுது பார்ப்பவர்களிடமோ, மோட்டார் காயில் கட்டும் கடையிலோ 60 வாட்டுக்கு மேல் தட்டை முனை அயன் இருக்கும். அவர்கள் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். நீங்களே செய்வதானால், ஈயம் வைக்கும்போது எதிர் முனையைச் செருகி வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் இளகினாலும் குழல்கள் நேராக நிற்கும். எதிர் முனை என்றால் கம்பி எதுவும் இணைக்காத சும்மா முனை. இன்னொரு பேட்டரியின் முனை இல்லை! ஈயம் கண்ணாடி மாதிரிப் பளபளப்பாகக் கம்பியைச் சுற்றி ஓடியிருந்தால் சரி. உருண்டையாக, மங்கலாக நின்றால் மறுபடி செய்யுங்கள்.

கம்பி விஷயத்தில் ஒன்று. ஆர்.சி. கம்பிகள் ஏ.டபிள்யூ.ஜி. எண்ணில் வரும், எண் குறைந்தால் கம்பி தடிமன். நம் எலெக்ட்ரிக்கல் கடையில் ஸ்கொயர் எம்.எம். கணக்கு. 14 எண் என்றால் சுமார் 2 ஸ்கொயர் எம்.எம்., 12 எண் என்றால் 3.3. ‘அப்போ வீட்டு வயரே போடலாமே?’ என்று தோன்றும். தடிமன் ஒத்துப்போகும், ஆனால் அதில் இழைகள் கொஞ்சம், விறைப்பு அதிகம். கார் குலுங்கக் குலுங்க ஈயம் வைத்த இடத்தில் ஒடியும். நூற்றுக்கணக்கான மெல்லிய இழைகள் கொண்ட சிலிக்கான் கம்பிதான் இதற்கு.

வீட்டுக்கு ஒரே வகை

நண்பரிடம் மூன்று பேட்டரி, மூன்றிலும் மூன்று வகைக் கனெக்டர், அவற்றைச் சேர்க்க நான்கு அடாப்டர்கள் இருந்தன. ஒவ்வொரு அடாப்டரும் இன்னொரு தொடுமுனை, இன்னும் இரண்டு ஈயப்பற்று. எல்லாமே மின்தடை. சார்ஜ் செய்யும்போது ஓடுவது சில ஆம்பியர்கள்தான் என்பதால் சார்ஜரில் அடாப்டர் இருப்பது பரவாயில்லை. காரில் வேண்டாம். ஒரு வகையைத் தீர்மானித்துவிட்டு, எல்லா பேட்டரியையும் காரையும் அதற்கு மாற்றிவிடுவதுதான் அழகு. கூட ஓட்டும் நண்பர்கள் என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பதும் புத்திசாலித்தனம். மைதானத்தில் பேட்டரி கடன் வாங்கலாம்.

மணலில் ஓட்டுபவர்கள் திரும்பி வந்ததும் கனெக்டரைக் கழற்றி, பழைய டூத் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். முலாமைச் சுரண்டுவதில் மணலை மிஞ்ச ஆளில்லை. சோதனைக்கு மீட்டர் வேண்டாம், விரல் போதும். ஐந்து நிமிடம் ஓட்டி, நிறுத்திய உடனே கனெக்டரைத் தொடுங்கள். வெதுவெதுப்பு என்றால் சரி. தொட்டு ஐந்து நொடி வைத்திருக்க முடியவில்லை என்றால் அந்தக் கனெக்டரை அன்றோடு நிறுத்துங்கள். பேட்டரி உப்பியிருந்தால் கனெக்டரைப் பற்றிய பேச்சே வேண்டாம், அந்தப் பேட்டரிக்கு விடை கொடுங்கள். சார்ஜ் போடுவது மெத்தை மேல் அல்ல. டைல்ஸ் தரையில், மண்சட்டிக்குள், கண் பார்வையில்.

வெளிநாட்டிலிருந்து யாராவது பேட்டரி கொண்டுவருகிறார்கள் என்றால் இதையும் சொல்லிவிடுங்கள். உதிரி லித்தியம் பேட்டரி செக்-இன் பெட்டியில் போகக் கூடாது, கைப்பையில்தான். 100 வாட்-மணிக்கு மேல் என்றால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் கணக்கு வந்துவிடும். 11.1 வோல்ட், 5000 எம்.ஏ.எச். என்றால் 55.5, பிரச்சினை இல்லை. ஆனால் முனைகள் ஒன்றையொன்று தொடாதபடி மூடியிருக்க வேண்டும். எக்ஸ்டி60-க்கு ரப்பர் மூடி தனியாகவே கிடைக்கிறது, இல்லாவிட்டால் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். காரை எந்தப் பையில் வைக்கலாம் என்பதை அந்தந்த விமான நிறுவனத்திடம் கேட்டுக்கொள்வது நல்லது.

நண்பரின் காரிலும் மூன்று பேட்டரிகளிலும் இப்போது எக்ஸ்டி60, 12 எண் சிலிக்கான் கம்பி. போன வாரம் அதே மணலில் ஓட்டிவிட்டுத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்புதான். “இப்ப மோட்டார் சூடாகுதுடா” என்கிறார். பினியன் கியரில் இரண்டு பல் குறைக்க வேண்டியிருக்கும். அது தனிக் கட்டுரை.